பேசி முடிக்கட்டும்

அபிதகுசாம்பாள் பிறந்தபோது அழவில்லை. தலைகீழாகத் தூக்கி முதுகில் தட்டியும் வெகுநேரம் அழவில்லையாம். "அன்னிக்கு அழாம வுட்டதுக்கெல்லாம் சேத்துவெச்சு இப்ப ஊரோட சண்ட போடறா" என்பாள் அவள் அம்மா ஜெயம்.

பிறப்பிலிருந்தே வலது கையும் வலது காலும் விறைத்தபடி இருந்தன. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடப்பாள். பேச்சு வரும், ஆனால் மெதுவாக வரும். ஒவ்வொரு சொல்லையும் தாடையை அசைத்து அசைத்து வெளியே தள்ள வேண்டும். அதற்குள் எதிரே இருப்பவர்களுக்குப் பொறுமை போய்விடும். அவள் "பா..." என்று ஆரம்பித்தால், "பாலா? காபி போடட்டுமா?" என்று கேட்டபடியே எழுந்து போய்விடுவார்கள். தறியில் நீளவாக்கில் கட்டிய பாவில் நூல் அறுந்திருக்கிறது என்று அப்பாவிடம் சொல்ல வந்திருப்பாள். தெருவில் பாதிப் பேர் அவளுடைய வாக்கியங்களை அவளுக்காக முடித்துவைத்தார்கள். ஒன்றுகூடச் சரியாக முடிந்ததில்லை.

அஞ்சாவது வரை தெருக்கோடியில் இருந்த பள்ளிக்கூடத்தில் படித்தாள். ஆறாவதில் சேர்க்கப் போன இடத்தில், "மத்த பசங்களுக்கு இடைஞ்சலா இருக்கும்மா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதோடு வீடுதான். அப்பா தசரதன் பட்டு நெய்பவர். அபிதா இடது கையால் ராட்டினம் சுற்றி அவருக்குக் குறுக்கே ஓடும் ஊடை நூல் ஏற்றித் தருவாள். மளிகைப் பொட்டலம் பிரித்த காகிதத்தைக் கூட விடாமல் எழுத்துக் கூட்டிப் படிப்பாள்.

அவளுக்குப் பதினாறு வயதான வருஷம், 2004இல், எதிர்வீட்டுச் சுவரில் ஒரு போஸ்டர் ஒட்டினார்கள். வேலூரிலிருந்து வந்திருந்த ஒரு தொண்டு நிறுவனத்தின் போஸ்டர் அது. பதிமூன்று வயதிலிருந்து பதினெட்டு வயது வரை உள்ள பிள்ளைகள் சனிக்கிழமைதோறும் கூடிப் பேசுவார்கள். தங்கள் பகுதிக்கு என்ன தேவை என்று அவர்களே முடிவு செய்வார்கள். அந்தப் பிள்ளைகள் சொல்வதை நிறுவனம் கட்டித் தரும். கடைசியில் கொட்டை எழுத்தில் "அனைவரும் வாரீர்" என்று இருந்தது.

அபிதா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனாள். கூட்டம் நடக்கும் துணிக்கடை வாசலில், அமைப்பாளர் புஷ்பலதா ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். போளூர்க்காரி, சின்ன வயது, சிரித்த முகம். அபிதாவைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு இன்னும் கொஞ்சம் கூடியது.

"இவளையும் சேத்துக்குங்க" என்றாள் ஜெயம்.

"சேத்துக்கலாம்மா. ஆனா இது நார்மல் பசங்களுக்கான குரூப்பு. இந்த மாதிரிக் கொழந்தைங்களுக்குத் தனி ப்ரோக்ராம் இருக்கு. டிசம்பர்ல ஊனமுற்றோர் தினம் வரும் பாருங்க, அப்ப பெரிய விழா வெப்போம். பரிசு, சாப்பாடு எல்லாம் உண்டு. அதுக்குப் பேரைக் குறிச்சுக்கறேன்."

"மத்த மாசம்?" என்றாள் அபிதா.

புஷ்பலதாவுக்குப் புரியவில்லை. ஜெயத்தைப் பார்த்தாள்.

"மத்த மாசமெல்லாம் இன்னா பண்றதுன்னு கேக்கறா" என்றாள் ஜெயம்.

புஷ்பலதா குனிந்து அபிதாவின் கன்னத்தைத் தட்டினாள். "மீட்டிங் மாடில நடக்குதுடா கண்ணு. ஒனக்குக் கஷ்டம்" என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டாள். துணிக்கடைக்கும் பக்கத்துச் சுவருக்கும் நடுவே, ஒரு ஆள் மட்டும் ஏறக்கூடிய குறுகலான படிக்கட்டு அது.

வீட்டில் தசரதன் தறியிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "அங்க போயி இன்னாம்மா பண்ணப் போற? வூட்ல ஒனக்கு இன்னா கொறச்சல்?"

அபிதா அடுத்த சனிக்கிழமை எல்லாருக்கும் முன்னால், சுவரைப் பிடித்தபடியே துணிக்கடைக்குப் போய், படிக்கட்டின் முதல் படியில் உட்கார்ந்துகொண்டாள். விறைத்த காலை எதிர்ச்சுவர் வரை நீட்டிக்கொண்டாள்.

பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். தெருவே நின்றது.

"தள்ளி ஒக்காரு அபிதா, மேல போவணும்" என்றான் ஒரு பையன்.

"தாண்டிப் போ."

யாரும் தாண்டவில்லை. உட்கார்ந்திருக்கும் ஆளைத் தாண்டினால் அந்த ஆள் வளரமாட்டார் என்று எல்லா வீட்டிலும் சொல்லி வளர்த்த பிள்ளைகள். ஒருத்தி காலைத் தூக்கினாள், பிறகு கீழே வைத்துவிட்டாள்.

"நான் வளந்துட்டேன். தாண்டு" என்று சிரித்தாள் அபிதா. அப்போதும் ஒருவரும் நகரவில்லை.

புஷ்பலதா வந்தபோது துணிக்கடைக்காரர் வெளியே வந்து கத்திக்கொண்டிருந்தார். வியாபார நேரத்தில் இது என்ன பேஜார் என்று அவருக்குக் கோபம்.

"இன்னா அபிதா இது?"

"மீட்டிங்."

"மீட்டிங் மாடிலதான நடக்குது?"

"அதான். எறக்குங்க."

புஷ்பலதா படிக்கட்டை ஏறிட்டுப் பார்த்தாள். "சரி, நாலு பேரு சேந்து ஒன்னத் தூக்கிகினு போறோம். போதுமா?"

"நான் மூட்ட இல்ல." அபிதா மூச்சு வாங்கிக்கொண்டாள். "வாராவாரம் தூக்குவீங்களா? எறங்கறதுக்கு? ஒண்ணுக்கு வந்தா?"

பின்னால் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சுகன்யா சிரிக்கவில்லை. அவள்தான் குழுத் தலைவி. அபிதாவோடு அஞ்சாவது வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"மிஸ், பஜனக் கோயில் மண்டபத்துல ஒக்காந்துக்கலாம் மிஸ். இல்லன்னா இன்னிக்கு மீட்டிங்கே நடக்காது. இவளப் பத்தி ஒங்களுக்குத் தெரியாது."

அன்று மீட்டிங் பஜனைக் கோயில் மண்டபத்தில் நடந்தது. அடுத்த வாரமும் அங்கேதான்.

உள்ளே வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தாள். ஆகவில்லை. முதல் நாள் வட்டமாக உட்கார்ந்து எல்லாரும் பெயர் சொன்னார்கள். அவள் முறை வந்து "அபி..." என்றதும், "அபி! நல்ல பேரு!" என்று கை தட்டிவிட்டு புஷ்பலதா அடுத்த ஆளிடம் போய்விட்டாள். அபிதா விடவில்லை. அடுத்த ஆள் பேசிக்கொண்டிருக்கும்போதே, "த... கு... சாம்... பாள்" என்று சத்தமாக முடித்தாள்.

பாட்டுப் பாடும்போது கூப்பிட்டார்கள், கை தட்டச் சொன்னார்கள். பேச்சு என்று வந்தால் அவளைத் தாண்டிப் போனார்கள். மூன்றாவது வாரம் அவள் தரையில் அறைந்து சொன்னாள்: "நான் முடிக்கற வரைக்கும்... என் பேச்ச யாரும் முடிக்கக் கூடாது. இது ரூல்."

"ஒரு மணி நேரந்தான்டி மீட்டிங்கு. நீ பேசியே அது ஓடிடும்" என்றாள் சுகன்யா.

"அப்ப ரெண்டு மணி நேரம் வை."

"எனக்கு வூட்ல தறி வேல கீது."

"எனக்கும் கீது."

இருவரும் அந்த வாரம் முழுக்கப் பேசிக்கொள்ளவில்லை. ஆனாலும் அடுத்த சனிக்கிழமை ஒருவன் குறுக்கே பேசியபோது, "ரூல்டா, மூடு" என்று அதட்டியது சுகன்யாதான். தலைவி என்பதால் சொன்னேன், உனக்காக இல்லை என்று பிறகு தனியாக வந்து சொல்லிவிட்டும் போனாள்.

சின்னபொண்ணை அழைத்து வந்தது அபிதா. பிறவியிலேயே காது கேட்காதவள், பதினேழு வயது, தறிக்கு நூலை நீட்டிக் கட்டும் பாவு ஓடும் வேலை செய்துகொண்டிருந்தாள். தெருவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டுத்தான் என்ன என்று விட்டுவிட்டார்கள். அபிதாவின் பேச்சை மற்றவர்கள் காதால் கேட்டுச் சலித்தார்கள். சின்னபொண்ணு அவள் முகத்தையும் இடது கையையும் பார்த்தே பாதி புரிந்துகொண்டாள். அவசரப்படுத்தாத ஒரு ஆள் கிடைத்ததில் அபிதாவுக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

நவம்பரில், எதைக் கட்டுவது என்று முடிவு செய்ய வேண்டிய நாள் வந்தது. பையன்கள் உடற்பயிற்சிக் கூடம் கேட்டார்கள். கேரம் போர்டோடு ஒரு மன்றம் என்றார்கள் சிலர்.

"கக்கூஸ்" என்றாள் அபிதா.

பையன்கள் வெடித்துச் சிரித்தார்கள். பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அந்தப் பகுதியில் முக்கால்வாசி வீடுகளில் கக்கூஸ் கிடையாது. ஆற்றங்கரை வேலிக்காத்தான் புதர்தான். விடிவதற்கு முன்னால் பெண்கள் கூட்டமாகப் போய் வருவார்கள். அபிதாவை ஜெயம் தினமும் தாங்கிக்கொண்டு போவாள். பள்ளத்தில் அவளைப் பிடித்துக்கொண்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பி நிற்பாள். வளர்ந்த பெண் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு குந்த வேண்டும். அதைக் கூட்டத்தில் எப்படிச் சொல்வது என்று அபிதாவுக்கே தெரியவில்லை.

என்ன நடக்கிறது என்று சின்னபொண்ணு கையால் கேட்டாள். அபிதா காட்டினாள். சின்னபொண்ணு எழுந்து வட்டத்தின் நடுவில் வந்தாள். பாவாடையைச் சுருட்டிக்கொண்டு குந்தினாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு இரண்டு கைகளையும் முகத்துக்கு நேரே விரித்து, கண் கூசியவளைப் போல முகத்தைச் சுளித்து, சட்டென்று எழுந்து நின்றாள். மறுபடி குந்தினாள். மறுபடி வெளிச்சம். மறுபடி எழுந்தாள்.

ஆற்றுப் பாலத்தில் லாரி வந்து அதன் வெளிச்சம் புதர்மேல் விழும்போதெல்லாம் அப்படித்தான் எழுந்து நிற்க வேண்டும். அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் அது தெரியும். மண்டபத்தில் சிரிப்பு நின்றுபோயிற்று. சுகன்யா முதலில் கையைத் தூக்கினாள். பிறகு எல்லாப் பெண்களும். உடற்பயிற்சிக் கூடம் கேட்ட ஒரு பையன் வட்டத்தில் இருந்த தன் அக்காவைப் பார்த்துவிட்டு அவனும் கையைத் தூக்கினான்.

டிசம்பர் விழாவில் மேடையில் இந்த முடிவைச் சொல்ல வேண்டும் என்றாள் புஷ்பலதா. யார் சொல்வது என்று கேட்டதற்கு, அபிதாதான் என்று குழு சொன்னது. புஷ்பலதா தயங்கினாள், ஆனாலும் சரி என்றாள். அவளுக்குள்ளேயே ஏதோ மாறிக்கொண்டு வந்தது.

விழா ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. நிறுவனத்தின் இயக்குநர் ராஜ்குமார் வேலூரிலிருந்து காரில் வந்தார். தலைமை விருந்தினர் பட்டு முதலாளி ஜெயவேல். தசரதன் நெய்வது அவருக்குத்தான். பாவும் ஜரிகையும் அவர் கொடுப்பார், சேலையை இவர் கொடுப்பார்.

வாசலில் ஒரு பெண் அபிதாவின் தாவணியில் ரோஸ் கலர் ரிப்பன் பூவைக் குத்தினாள். குழுப் பிள்ளைகளைப் பின்னால் உட்காரச் சொல்லிவிட்டு, இவளை மட்டும் முன்வரிசைக்கு அழைத்துப் போனாள். மேடையில் பலூன் கட்டிய புதிய மூன்று சக்கர வண்டி ஒன்று நின்றது, கையால் சுற்றி ஓட்டுவது. இவள் வண்டியைப் பார்த்தாள். ரிப்பன் பூவைப் பார்த்தாள். அப்போதே புரிந்துவிட்டது.

"செல்வி அபிதா" என்று மைக்கில் கூப்பிட்டார்கள். அவள் வாயைத் திறப்பதற்குள் இரண்டு ஆண்கள் நாற்காலியோடு தூக்கிக் கொண்டுபோய் வண்டியில் உட்காரவைத்துவிட்டார்கள். ஜெயவேல் பொன்னாடை போட்டார். போட்டோக்காரர் வெளிச்சம் அடித்தார். வண்டியை நன்கொடையாகக் கொடுத்தது ஜெயவேல்தான் என்று ராஜ்குமார் அறிவித்தார். பிறகு மைக்கை அவள் வாயருகே நீட்டினார்.

"சந்தோஷமாம்மா?"

"எனக்கு... இது... வே..."

"வேணும்னு ரொம்ப நாளா ஆசையாம்! கேட்டீங்களா?" என்று ராஜ்குமார் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். மண்டபம் கை தட்டியது. ஜெயவேல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அபிதா இடது கையை நீட்டி மைக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்ல!"

அந்தச் சொல் மட்டும் அவளுக்கு எப்போதும் சுளுவாக வரும். கை தட்டல் நின்றது.

"வே... ணாம்."

ராஜ்குமார் சிரித்துக்கொண்டே மைக்கை இழுத்தார். அவள் விடவில்லை. "கொழந்தைக்குக் கூட்டத்தப் பாத்து பயம்..." என்று அவர் ஆரம்பிக்கும்போது பின்வரிசையிலிருந்து சுகன்யாவின் குரல் வந்தது.

"அவ இன்னும் முடிக்கல சார்!"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சுகன்யா பெஞ்சுமேல் ஏறி நின்றிருந்தாள். சின்னபொண்ணும் எழுந்து நின்றாள். பக்கத்திலிருந்தவர்களைத் தோளில் தட்டித் தட்டி எழுப்பினாள். குழு முழுவதும் நின்றது. மேடையோரம் இருந்த புஷ்பலதா ராஜ்குமாரின் கையைத் தொட்டு, "சார், கொஞ்சம் இருங்க" என்றாள். அவர் மைக்கை விட்டார்.

அபிதா பேசினாள். வெகுநேரம் ஆயிற்று. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது.

"இந்த வண்டி... ரெண்டு கையாலயும் சுத்தணும். எனக்கு ஒரு கைதான் வேல செய்யும். இத யாராவது... என்னக் கேட்டீங்களா? நான் இங்க வண்டி வாங்க வரல. எங்க குரூப்புக்காகப் பேச வந்தேன். எங்களுக்கு கக்கூஸ் வேணும். அதுக்குப் படி வெக்காதீங்க. உள்ள செவுத்துல புடிச்சுக்கக் கம்பி வேணும். எப்படிக் கட்டணும்னு... எங்களக் கேட்டுட்டுக் கட்டுங்க."

பிறகு பொன்னாடையைக் கழற்றி வண்டியின் கைப்பிடியில் போட்டாள். சுகன்யாவும் ஜெயமும் மேடைக்கு வந்தார்கள். அவர்கள் தோளைப் பிடித்துக்கொண்டு அவளே இறங்கினாள்.

மறுநாள் ஜெயவேலின் கணக்குப்பிள்ளை வந்து சொல்லிவிட்டுப் போனார். அபிதா மன்னிப்புக் கேட்டால்தான் தசரதனுக்கு அடுத்த பாவு. தறியில் இருந்த சேலை முடியும் தறுவாயில் இருந்தது.

தசரதன் மகளைத் திட்டவில்லை. சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து முதலாளி கடைக்குத் தள்ளிக்கொண்டு போனார். "ஒரு வார்த்த சொல்லிடும்மா. ஒனக்கு ஒரு வார்த்ததான், எனக்கு அதான் பொழப்பு" என்றார் வழியில். அவள் பேசாமல் இருப்பது அவருக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஜெயவேல் மெத்தையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் சேலைக் கட்டுகள். கெட்டவர் இல்லை, நல்லது செய்யப்போன இடத்தில் அவமானப்பட்டுவிட்டதாக அவருக்கு உண்மையிலேயே வருத்தம்.

"சொல்லு" என்றார்.

"அந்த வண்டி... து..."

"துட்டா? வண்டிக்குப் பதிலாத் துட்டாக் கேக்கறியா? தசரதா, இதத்தான் சொல்லிக் குடுத்துக் கூட்டியாந்தியா?"

"து..." என்றாள் அபிதா மறுபடி. நெற்றியில் நரம்பு புடைத்தது.

"போதும். ஜல்தி மன்னிப்ப மட்டும் கேளு. எனக்கு வேல கீது."

"மொதலாளி" என்றார் தசரதன். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவருக்கு நெய்பவர். ஒரு நாளும் அவர் பேச்சுக்குக் குறுக்கே பேசியதில்லை. "கொஞ்சம் இருங்க. எம் பொண்ணு பேசிகினு கீது. பேசி முடிக்கட்டும்."

ஜெயவேல் அவரை ஏற இறங்கப் பார்த்தார். அபிதாவும் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்.

"துரைன்னு ஒருத்தன். கொசப்பாளையத்துல கீறான். போலியோ. அவனுக்கு ரெண்டு கையும் நல்லா கீது. அவனக் கேட்டுட்டு... அவனுக்குக் குடுங்க."

"சரி. மன்னிப்பு?"

"அது வராது."

"பேச்சே ஒழுங்கா வரல. இதுல இவ்ளோ திமிரு!"

"ஆமா" என்றாள் அபிதா.

அடுத்த பாவு கிடைக்கவில்லை. தசரதன் கொஞ்ச நாள் அலைந்து வேறு முதலாளியிடம் வேலை பிடித்தார், கூலி குறைவாக. அந்தக் கோபத்தில் ஒரு மாசம் சோற்றுக்கு உட்காரும்போதெல்லாம் மகளைத் திட்டினார். ஆனால் கடையில் சொன்ன அந்த வார்த்தைக்காக அவர் வருத்தப்பட்டதாக யாரும் கேட்டதில்லை. வண்டி ஜெயவேலின் குடோனில் தூசி படிந்து கிடந்தது. பிறகு துரையே ஒரு நாள் நேரில் போய்க் கேட்டு வாங்கிக்கொண்டான்.

ராஜ்குமாரும் சும்மா இருக்கவில்லை. இனிமேல் கூட்டம் பழையபடி மாடியில்தான் நடக்க வேண்டும், ஊனமுற்ற பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவு என்று புஷ்பலதாவுக்கு உத்தரவு போட்டார். சனிக்கிழமை புஷ்பலதா துணிக்கடை மாடிக்குப் போய் ஜன்னலைத் திறந்துவைத்து, பாய் விரித்துக் காத்திருந்தாள். ஒருவரும் வரவில்லை. எட்டிப் பார்த்தால், தெருமுனையில் பஜனைக் கோயில் வாசல் முழுக்கச் செருப்புகள். அவள் பாயைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு கீழே இறங்கி வந்தாள். "தள்ளி ஒக்காருங்க, எடம் குடுங்க" என்று வட்டத்தில் உட்கார்ந்தாள். அன்று மாலை ராஜ்குமாருக்கு போன் செய்து, மாடியில் பாயும் தானும்தான் கூட்டம் நடத்தினோம் என்று சொன்னாளாம். என்ன பதில் வந்தது என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. தனிப் பிரிவு என்ற பேச்சு அதன் பிறகு எழவில்லை.

கோடையில் ஆற்றுக்குப் போகும் வழியில் கக்கூஸ் கட்ட ஆரம்பித்தார்கள். அஸ்திவாரத்துக்குக் கடக்கால் எடுத்து, சுவர் எழும்பி, ஒரு நாள் சின்னபொண்ணு ஓடி வந்து அபிதாவின் கையைப் பிடித்து இழுத்தாள். விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் காட்டினாள். படி.

குழு முழுவதும் போய் நின்றது. மூன்று படி வைத்துப் பூசிக்கொண்டிருந்தார்கள். கான்ட்ராக்டர் குடை பிடித்து நின்றார்.

"படி வேணாம்னு சொன்னோமே" என்றாள் சுகன்யா.

"எங்கிட்ட யாரும் சொல்லல. ஒரு பொண்ணுக்காகப் பிளான மாத்த முடியுமா? தூக்கி உட்டுக்கோங்க."

சுகன்யா பதில் சொல்ல வாயெடுத்தாள். பிறகு நிறுத்திக்கொண்டு அபிதாவைப் பார்த்தாள்.

அபிதா ஈரச் சிமெண்டுக்குப் பக்கத்தில் போய், கரணை வைத்திருந்த கொத்தனாருக்கு எதிரே மண்ணில் உட்கார்ந்தாள். "எங்க கக்கூஸ்" என்றாள். "நாங்க சொன்னது. இடிங்க."

சின்னபொண்ணு பக்கத்தில் உட்கார்ந்தாள். சுகன்யா உட்கார்ந்தாள். வெயில் மண்டையைப் பிளந்தது. பையன்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அவர்களும் உட்கார்ந்தார்கள். புஷ்பலதா ஸ்கூட்டரில் வந்தாள். கான்ட்ராக்டர் அவளிடம் முறையிட்டார். "கட்டச் சொன்னவங்க அவங்கதான். அவங்ககிட்டப் பேசுங்க" என்று சொல்லிவிட்டு அவளும் நிழல் பார்த்து உட்கார்ந்தாள்.

சாயங்காலம் படியை இடித்தார்கள். மறுநாள் சரிவு போட்டார்கள். மலையேறுவது மாதிரி செங்குத்தாகப் போட்டார்கள். அபிதா ஏறிப் பார்த்துச் சறுக்கி விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டாள். அதையும் இடிக்கச் சொன்னாள். கொத்தனார் வாய்விட்டுத் திட்டினார். இவள் திருப்பித் திட்டினாள். அவருக்குப் புரிந்திருக்காது, ஆனால் தொனி புரிந்தது. மூன்றாவது தடவை, இழுத்து நீட்டி, ஒழுங்காகப் போட்டார். உள்ளே சுவரில் இடது கைக்கு எட்டுகிற உயரத்தில் கம்பி பதித்தார்.

திறந்த அன்று ரிப்பன் வெட்ட யாரும் வரவில்லை. பெண்கள்தான் குடத்தில் தண்ணீரோடு வரிசையில் நின்றார்கள். அபிதா சுவரைப் பிடித்துச் சரிவில் ஏறினாள். பின்னாலேயே வழக்கம்போல ஜெயம் கையை நீட்டிக்கொண்டு வந்தாள். கதவருகில் அபிதா திரும்பி அம்மாவைத் தடுத்தாள்.

"நீ இங்கயே இரு."

உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் புதுசு, இறுக்கமாக இருந்தது. இடது கையால் இரண்டு மூன்று தடவை தள்ளி அதைப் போட்டாள். வெளியே ஜெயத்துக்குக் கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. முந்தானையைச் சுற்றினாள், பிரித்தாள். கொஞ்ச நேரம் பொறுத்துக் கதவைத் தட்டினாள்.

"அபிதா, ஆச்சா? உள்ள வரட்டுமா?"

"போம்மா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "நானே வந்துப்பேன்."

வரிசையில் ஒருத்தி, "இன்னும் எவ்ளோ நேரம் ஆவும்?" என்று முனகினாள். "ஆவறப்ப ஆவும், நில்லு" என்றாள் ஜெயம்.

உள்ளே அபிதகுசாம்பாள் அவசரப்படவில்லை.